அண்ணாச்சி கடைக்கு ரெண்டாயிரம் பிறந்தபோது

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவனுக்கு மின்சாரத்தில் ஓடும் எல்லாமே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஊர் போட்ட சட்டம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டு, எங்கள் மலையாளத் தலைநகரின் சாலை பஜார் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிப் பிழைப்பேன் என்று வீட்டில் வீராப்புப் பேசியிருந்தேன். அங்கே ஒரு கடையில் பெயர் கெட்டால் பஜார் முழுக்கக் கெட்ட மாதிரி. திரும்பிப் போய்ப் பழைய மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

முதல் புகழ்

பஜாரை ஒட்டிய கோட்டைக்குள் எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் டீவி ஓடவில்லை. "கம்ப்யூட்டர்காரன் இருக்கச்சே மெக்கானிக் எதுக்கு?" என்று என்னைப் பிடித்து இழுத்துப் போனார். ரிமோட்டில் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். மாற்றிப் போட்டேன், படம் வந்தது. மாமி தெருவெல்லாம் சொன்னது இது: "டீவியைத் தொடக்கூட இல்லை கேட்டேளா, தூர நின்னே நேராக்கிட்டான்!"

சரஸ்வதி பூஜை

மாமி அரிசி வாங்கும் சாலைக் கடைக்கும் அந்தப் புகழ் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் திருநெல்வேலி அண்ணாச்சி. என் முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

பூஜை முடிந்த மறுநாள் போன் வந்தது: மிஷின் பிளாப்பியை உள்ளே வாங்க மாட்டேன் என்கிறதாம். ஒரே ஒரு கடை, அதுவும் போச்சு என்று ஓடினேன். மானிட்டருக்குப் பொட்டு, கீபோர்டுக்கு மாலை. பிளாப்பி போகும் துவாரத்தில் சந்தனத்தை வழித்து அப்பியிருந்தார்கள். குண்டூசியால் சுரண்டியபடி ஏன் இப்படி என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு என் மேல்தான் வருத்தம்: "சரஸ்வதிக்கு வாயில ஊட்டாம பின்னே எங்க தம்பி ஊட்டுகது?"

ரெண்டாயிரம்

புரோகிராம் எழுதும்போதே அண்ணாச்சி ஒன்றில் பிடிவாதமாக இருந்தார். மிஷின் தானாகத் தேதி போடக் கூடாது. காலையில் விளக்கேற்றியதும், மலையாளக் கொல்லம் ஆண்டுப்படி அவரே தேதியை அடிப்பார். பில்லிலும் அதுதான் வர வேண்டும். எனக்கு எரிச்சல். ஆனாலும் மறுவார்த்தை பேசாமல் எழுதிக் கொடுத்தேன்.

ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக் குழம்பும் என்று பேப்பர்கள் பயமுறுத்திக்கொண்டிருந்த நேரம். புது வருஷக் காலையில், என்னிடம் புரோகிராம் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கடைக்காரர்கள் அண்ணாச்சி கடையில் கூடிவிட்டார்கள். பக்கத்துத் துணிக்கடையில், வேறெங்கோ வாங்கிய புரோகிராம் நூறு வருஷம் பின்னால் போய் பில் அடித்திருந்தது. அடுத்தது என் புரோகிராம்.

அண்ணாச்சி விளக்கேற்றினார், தேதியை அடித்தார். பிரிண்டர் கரகரத்தது. 'தனு 1175' என்று மலையாள மாசமும் வருஷமுமாகச் சுத்தமாக வந்தது பில். அப்பாடா! பழைய மேனேஜரின் முகம் கண்ணிலிருந்து மறைந்தது. எங்களுக்கும் இதே மாதிரி வேண்டும் என்று கடைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எதற்கு இத்தனை பேர் கூடினார்கள் என்றே அண்ணாச்சிக்குப் புரியவில்லை: "ஊருக்கு ரெண்டாயிரம்னா நமக்கென்ன தம்பி? நமக்கு ஆயிரத்தி நூத்தி எழுவத்தஞ்சு அல்லே!"

கெட்டிக்காரன் என்று பெயரெடுக்க உலகத்தில் எத்தனையோ வழி இருக்க, எனக்கு அது அண்ணாச்சியை எதிர்த்துப் பேசத் தைரியமில்லாததால் கிடைத்தது.