ஆற்றில் விரித்த பாய்

சித்திரை வெயிலில், ஒரு பயணக் குழுவில் நான் எழுதியிருந்த குறிப்பு: "சுவாமிமலை வந்தால் காவிரிக்குள் இறங்குங்கள். முழுக்க மணல். பாய் விரித்தே உட்காரலாம்."

இரண்டு மாதம் கழித்து, இன்று மதியம் அதன் கீழே ஓசூர்க்காரர் ஒருவர் படம் போட்டிருந்தார். நடு ஆற்றில் பாய், அதில் இரண்டு குழந்தைகள்.

"நீங்க சொன்ன இடம்தாங்க. சூப்பர்!"

கல்லணையைத் திறந்தாயிற்று. காலையில்தான் அப்பா போனில் சந்தோஷமாகச் சொன்னார்: "தண்ணி திருவையாறு தாண்டிருச்சாம். இன்னிக்கே நம்ம பக்கம் வந்துரும்."

வருஷம் முழுக்க எதிர்பார்த்த தண்ணீர். கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்று இன்றுதான் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

"உடனே கரைக்கு ஏறுங்க, தண்ணி வருது" என்று எழுதினேன். பதில் இல்லை. திரும்பத் திரும்ப எழுதினேன். மணலில் ஈரம் தெரிகிறதா என்று அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"மாடு மேய்க்கிற அம்மா ஒருத்தங்க திட்டியே எங்களைக் கரையேத்திட்டாங்க. பாய் மட்டும் போயிருச்சு. எந்த முட்டாப்பய இங்க உக்காரச் சொன்னான்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லலைங்க."

குறிப்பைத் திருத்திவிட்டேன். என் பேச்சை நம்பி இந்நேரம் வேறு எங்காவது உட்கார்ந்திருப்பவர்கள், தயவுசெய்து இங்கே ஒரு பதில் போடுங்கள்.