வேரோடு ஒரு கிலுகிலுப்பை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிய பஸ் என்னை மகாராஜபுரத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், தாவரவியல் முதுகலை. இந்த மலையடியில் மட்டும் பூக்கும் மஞ்சள் கிலுகிலுப்பைச் செடி ஒன்றை வேரோடு கொண்டுபோய்க் காட்டினால்தான் என் ஆய்வேட்டை ஏற்பார்கள்.

வெயிலில் அலைந்து, ஓடைக்கரையில் ஒரே ஒரு செடியைக் கண்டுபிடிக்கிறேன். பக்கத்தில் வெள்ளாடு மேய்க்கும் அக்காவுக்கு உடனே பாடம் எடுக்கிறேன்.

"ஆடு தின்னுறாம பாத்துக்கோங்கக்கா. உலகத்துலயே இங்கதான் இருக்கு."

"ஆடு இத மோந்துகூடப் பாக்காது தாயி. ஒன்னைய மாதிரி பழைய பேப்பர்க் கட்டோட வருசா வருசம் காலேஜ்ப் பிள்ளைக வருது. நெத்து வெடிச்சு வித விழுறதுக்குள்ள ஆளுக்கொண்ணு பிடுங்கிட்டுப் போயிருது. முன்ன எம்புட்டு கெடந்துச்சு! ஓடை பூராம் மஞ்சளா இருக்கும்."

"அது ஆராய்ச்சிக்கா. இனம் அழிஞ்சிரக் கூடாதுல்ல?"

"அப்பச் சரி. இதையும் விட்றாத, பிடுங்கு" என்று சிரிக்கிறார்.

குனிந்து காயை அழுத்திப் பார்க்கிறேன். செடியில் காய் இன்னும் முற்றவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது.

ஒரு சல்லிவேர்கூட அறாமல் தோண்டியெடுத்து, செய்தித்தாளில் பதமாக வைத்து மடிக்கிறேன். பிறகு விவரச் சீட்டை அழகான கையெழுத்தில் நிரப்புகிறேன்.

கிடைக்கும் அளவு: மிக அரிது. அரிதானதற்குக் காரணம்: தெரியவில்லை.