மொட்டைமாடியில் புஷ்பக விமானம்

வேங்கிக்காலில் நான் வீடு கட்டியபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாமரைப் பூ மாதிரி கட்டியிருந்தார். நான் விடுவேனா? என் தொட்டியைப் புஷ்பக விமானமாகவே கட்டச் சொன்னேன். சக்கரம், குதிரைகள், மேலே கோபுரம், உச்சியில் கலசம் எல்லாம் வந்தன. புராணத்து விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் ஓர் இடம் மிச்சமிருக்குமாம். என்னுடையதில் இரண்டு பேர் குளித்தாலே தண்ணீர் காலி.

தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெருமையாக இருந்ததால் நான் யாரையும் திருத்தவில்லை.

ஒரு திங்கட்கிழமை உச்சி வெயிலில், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்த கீழ்பென்னாத்தூர் அம்மா ஒருவர் எங்கள் கேட்டில் நின்று கும்பிட்டார்.

“கொஞ்சம் தீர்த்தம் குடுங்க சாமி.”

உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. தொட்டிக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து வந்து நீட்டினேன். அவர் அதை வாயருகே கொண்டுபோனபோதுதான், வீடு கட்டியதிலிருந்து தொட்டியைக் கழுவியதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

“குடிக்காதீங்கம்மா! அது வாட்டர் டேங்கு!” என்று கத்தினேன்.

“தெரியுதுங்க. குதிர வாலுக்குக் கீழ பைப்பு நீட்டிக்கினு இருக்குதே. தண்ணினு கேட்டா கடையில வாங்கிக்கச் சொல்றாங்க. தீர்த்தம்னு கேட்டா எடுத்தாந்து குடுக்கறாங்க.”

சமையலறையிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, போகும்போது தொட்டியை இன்னொரு முறை கும்பிட்டார்.

“ஒரு கும்புடுதானே, இருக்கட்டும்ங்க” என்றார்.

மறுநாள் தொட்டியைக் கழுவ மாடி ஏறினேன். பாதிப் படியில்தான் என் வெறுங்காலைப் பார்த்தேன். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டிருந்தேன். தெருவில் எத்தனை பேர் நம்பினார்களோ தெரியாது, நான் நம்பியிருக்கிறேன்.