வெள்ளிக்கிழமை நின்ற நேரம்

முத்துசெல்வி அந்த வேலையை எடுத்துக்கொண்டது அக்காவுக்காகத்தான். கோவில்பட்டி ஓரத்து நூல் மில்லில், பழைய ஷெட்டில், வரிசையின் கடைசி இயந்திரத்தை ஓட்டினாள் அக்கா பாண்டிச்செல்வி. அந்த ஷெட்டின் இயந்திரங்கள் தாம் எப்போது ஓடின, எப்போது நின்றன என்பதைக் கம்பி வழியே கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சொல்வது அந்தக் காலத்து நெட்வொர்க் நெறிமுறை ஒன்றில். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. புதிதாக வந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு அந்த மொழி புரியவில்லை. இனி யாருக்கும் வேண்டாம் என்று லினக்ஸின் உட்கருவான கெர்னலிலிருந்து அதை எப்போதோ நீக்கியிருந்தார்கள். ஷெட்டையே காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார் முதலாளி.

ஊரிலேயே சின்ன மென்பொருள் நிறுவனமொன்றில் இருந்த முத்துசெல்வி, அந்த நெறிமுறையைக் கெர்னலுக்குள் மறுபடி எழுதினாள். கையேடு கிடையாது. கம்பியில் வரும் பைட்டுகளைப் பிடித்து, எது இயந்திர எண், எது நின்ற நேரம் என்று ஊகித்தாள். ஒரு வரி பிசகினால் மொத்தக் கம்ப்யூட்டரும் உறைந்துபோகும், பலமுறை உறைந்தது. பூசை நடக்கும் வெள்ளியன்று வெளியாளை ஷெட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் சோதனையெல்லாம் மற்ற நாள்களில். ஒரு பைட் மட்டும் எப்போதும் பூஜ்யமாகவே வந்தது. உபயோகமில்லாதது என்று அதை வீசிவிடும்படி எழுதினாள்.

ஷெட் பிழைத்தது. மாதக் கடைசியில் மேனேஜர் பூவனலிங்கம் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். கம்ப்யூட்டர் கணக்குப்படி, இயந்திரத்தை அதிக நேரம் நிறுத்திப்போட்டவள் அவள்தானாம்.

"நானா நிறுத்துதேன்?" என்று கொதித்தாள் அக்கா. "வெள்ளிக்கெழம பூசைக்கு மேனேஜருதான் பொது சுவிச்ச அமத்துதாரு. கற்பூரத்தட்டு ஒவ்வொரு மிசினா வரும். கும்பிட்ட பொறவுதான் ஓட்டணும். என் மிசினு கடைசில்லா?"

அடுத்த வெள்ளியன்று மில் கம்ப்யூட்டருக்கு வரும் பைட்டுகளை முத்துசெல்வி தன் அலுவலகத்திலிருந்தே கவனித்தாள். அந்தப் பூஜ்யம் ஒன்றாக மாறியது. ஓட்டுபவர் நிறுத்தினாரா, மேலே இருந்து நிறுத்தினார்களா என்று சொல்லும் பைட் அது. திருத்தி எழுதிக்கொண்டு மில்லுக்கு ஓடினாள்.

"சார், தப்பு என்னுது. பூசைக்கு நீங்க நிறுத்துன நேரமெல்லாம் அக்கா பேருல விழுந்திருக்கு."

பூவனலிங்கம் திரையைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, மொதலாளி வச்ச பூசையாலதான் நூலு கொறஞ்சிபோச்சின்னு அவருட்டயே நான் போயிச் சொல்லணுமாக்கும்?"

"அப்ப சாமிக்கு ஆன நேரத்த எங்கக்கா தலையில எழுதுவியளோ?"

"சாமிய இழுக்காத. நல்லா எழுதியிருக்க, அதோட நில்லு."

பக்தி முதலாளியுடையது; அதற்கான தண்டனை மட்டும் கடைசி இயந்திரத்துக்காரிக்கு.

"நான் எழுதாமலே இருந்திருக்கலாம்க்கா" என்றாள் முத்துசெல்வி, வீட்டுக்கு வந்ததும்.

"எழுதாட்டா எல்லாருக்கும்லாட்டி வேல போயிருக்கும். இப்பம் எனக்கு மட்டுந்தான."

அக்கா தீப்பெட்டி ஆபீசுக்கு, குச்சி அடுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மில்லிலும் ஒரு மாற்றம் வந்தது. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் மேனேஜர் பொது சுவிட்சைத் தொடுவதில்லை; இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கற்பூரத்தட்டு சுற்றி வருகிறது. சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.