எரிகிற புட்டியும் குளிர்ந்த புட்டியும்

பிறர் கண்ணில் தினமும் எரிச்சலை ஊற்றிவிட்டு, "தவறாம போடுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்புவதுதான் கண் பிரிவு நர்ஸின் பிழைப்பு. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் சிங்கப்பூரில் நான் செய்த வேலை அது. கண் அழுத்த நோய்க்கு அன்று கொடுத்த சொட்டு மருந்து கண்ணை எரிக்கும், சிவக்க வைக்கும், நாளாக ஆக உலர்த்தியும் விடும். போடாமல் விட்டாலோ, வலியே இல்லாமல் பார்வை ஓரத்திலிருந்து போகும், போனது திரும்பாது. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு நீங்களும் துள்ளியிருப்பீர்கள், அதனால் என் கட்சியில் சேர மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

குழாய் உடைந்த கண்

துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த முனியாண்டி ஆறு மாதமாக எங்கள் மருந்தைப் போட்டு வந்தார். ஒருநாள் டாக்டர் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "மருந்துனால உங்க கண்ணு காஞ்சுபோயிருக்கு." அப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் தாரையாக நீர் வழிந்துகொண்டிருந்தது.

கண் வறண்டு உறுத்தினால் அந்த உறுத்தலுக்கே நீர் கொட்டும், ஆனால் கொட்டுகிற நீர் கண்ணில் தங்காது. இதை முதன்முதலில் கேட்டபோது நானே வாயைப் பிளந்தேன், அவர் நம்புவாரா? டாக்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நர்ஸை 'மிஸ்ஸி' என்று கூப்பிட்டு 'லா' போட்டு முடிக்கும் சிங்கப்பூர்ப் பேச்சில் என்னிடம் கேட்டார்: "கொழா ஒடஞ்சமாதிரி ஊத்துது மிஸ்ஸி, காஞ்சுபோச்சுங்கிறாரே, இவருக்கு மொதல்ல கண்ணு தெரியுதா லா?"

முழம் போட்ட கண்ணீர்

வறட்சியைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு. மெல்லிய காகிதத்தை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையை மடித்துக் கீழ் இமையில் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் கடிகாரம் பார்க்க வேண்டும். ஈரம் எவ்வளவு தூரம் இறங்குகிறதோ அதுதான் அந்தக் கண்ணின் நீர். ஒரு துண்டுக் காகிதம் மனிதனின் கண்ணீரை அளந்து சொல்வது எனக்குக் கடைசிவரை பழகவே இல்லை. ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருந்த காதர் நானாவும் இதே மருந்து போடுபவர். இரண்டு கண்ணிலும் காகிதம் தொங்க, அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடத்தில் ஈரம் ஓர் அரிசி அளவுகூட இறங்கவில்லை. கண்ணுக்கு ஈரம் தர இன்னொரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். நான் அளவுகோல் வைத்துப் பார்த்ததைக் கவனித்துக்கொண்டிருந்த நானா சொன்னார்: "இத்தன வருசமா ஊருக்கெல்லாம் நான் துணி அளந்தேன், இன்னிக்கு என் கண்ணீர நீங்க முழம் போடுறீங்க."

ராஜம்மாளின் பங்கீடு

காத்தோங்கிலிருந்து தையல்காரர் கோவிந்தசாமியும் அவர் மனைவி ராஜம்மாளும் சேர்ந்தே வருவார்கள். இருவருக்குமே கண் அழுத்தம், இருவருக்குமே வறட்சி. ஆகவே ஆளுக்கு இரண்டு புட்டி: அழுத்தத்துக்கு எரிகிற மருந்து, வறட்சிக்குக் குளிர்ந்த மருந்து. அந்த அம்மாவுக்கு அழுத்தம் நன்றாக இறங்கியது, கண் மட்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடந்தது. அவருக்கோ கண் தெளிவாக இருந்தது, அழுத்தம் மட்டும் மாதாமாதம் ஏறியது. மருந்து போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டபோதெல்லாம், "வீட்டுல அவதான் போட்டுவிடுறா, கடையில நானே போட்டுக்கிறேன்" என்றார்.

நாலாவது மாதம் அவர் வலப்பக்கம் இருந்த கதவில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவரைச் சோதனைக்குப் படுக்க வைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் இருந்த ராஜம்மாளிடம் மருந்தை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். முகமெல்லாம் பெருமையாகச் சொன்னார்: "எரியற புட்டி ரெண்டும் எனக்கு, குளுமையா இருக்கிறது ரெண்டும் அவருக்கு. அவரு ஊசி கோக்கிறவரு மிஸ்ஸி, கண்ணு எரிஞ்சா எப்படித் தைப்பாரு? நான் தாங்கிக்குவேன்."

அட்டையில் எழுதியது

இருவர் எரிச்சலை நாலு மாதம் ஒருத்தியே வாங்கிக்கொண்டிருக்கிறாள்! அதைச் சொல்லும்போதும் அந்த அம்மா முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, அது தப்பு என்று சொல்லாமலே விட்டேன். உள்ளே போனேன். சோதனை முடிந்திருந்தது. வலக்கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் அவருடைய அட்டையில் எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருந்தார்.

அதையும், புட்டிகள் மாறிப்போனதையும் கோவிந்தசாமியிடம் சொன்னேன். கோபப்படுவார், சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் கட்டிலில் படுத்தபடியே, "இதனாலதான் கண்ணு போச்சுன்னு அவளுக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னது இது: "தெரிய வேணாம் மிஸ்ஸி. நான்தான் கடையில மருந்து போட மறந்துட்டேன்னு அட்டையில எழுதிக்குங்க. இன்னிலேருந்து ரெண்டு பேரும் ரெண்டையும் போடணும்னு டாக்டர் மாத்திட்டார்னு அவகிட்ட சொல்லிடுங்க."

என் வேலைக் காலத்தில் நோயாளியின் அட்டையில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். அதைப் படித்துவிட்டு டாக்டர் அவரைப் பிடி பிடியென்று பிடிக்க, ராஜம்மாளும் கூடச் சேர்ந்துகொண்டு திட்ட, அவர் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.