உயிரோடு வந்த வாத்து

புதுச்சேரியில் உத்தியோகம் பார்த்த பிரெஞ்சுக்காரத் துரை ஒருவர், தன் ஊருக்குக் கப்பலேறும் முன் ஒரு இளம் நாயை என்னிடம் விட்டுப்போனார். வில்லியனூர் கடைத்தெருவில் எனக்கு ஜவுளிக்கடை. ஊசுட்டேரியில் நான் வாத்து சுடப் போவது அவருக்குத் தெரியும். சுட்டு வீழ்த்திய பறவையைத் தண்ணீரிலிருந்து கவ்வி வருகிற சாதி அது.

எனக்கு அது மிகவும் வேண்டியிருந்தது. குண்டு பட்ட பறவை உயிரோடு கைக்கு வந்து, பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் எங்கள் மார்க்கத்தில் அதைத் தின்னலாம்.

மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். "கெணத்தடியோட நிக்கட்டும். வூட்டுக்குள்ள வுடாதீங்க."

தேங்காய் மட்டையில் துணி சுற்றிக் குளத்தில் வீசி, துரை சொல்லித் தந்தபடி "அப்போர்த்" என்பேன். கொண்டு வா என்று அர்த்தம். பாய்ந்து நீந்திக் கொண்டுவரும், கடித்து நார்நாராக்கி. ஏரியில் முதல் வாத்தும் அப்படித்தான் வந்தது, விலா நொறுங்கிச் செத்து. ஆத்திரத்தில் பிரம்பால் இரண்டு அடி வைத்தேன். மறுவாரம் அது தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே படுத்துக்கொண்டது.

"அத்த அடிச்சா இன்னா புரியும்?" என்றாள் மனைவி. "கடிச்சதுக்கு அடிச்சீங்களா, தூக்கியாந்ததுக்கு அடிச்சீங்களான்னு தெரியாம முழிக்குது."



அவளே ஒரு முட்டையில் துளையிட்டு உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, வேப்பெண்ணெய் ஊற்றி மெழுகால் அடைத்துத் தந்தாள். நாய் அதை நறுக்கென்று கடித்தது. பிறகு வாயைத் தரையில் தேய்த்தபடி கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மூன்றாவது முட்டையை உடையாமல் என் உள்ளங்கையில் வைத்தது. தண்ணீர்ப் பயம் தெளிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுக்க நானும் முழங்கால் தண்ணீரில் அதோடு இறங்கி நின்றேன்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, சிறகு முறிந்த வாத்து ஒன்று நாணலுக்குள் விழுந்தது. "அப்போர்த்" என்றேன். நாய் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நீந்திப் போனது. திரும்பி வந்து கையில் வைத்தபோது வாத்தின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் இத்தனை பாடும். ஆனாலும் கத்தியை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

அறுத்தேன். மத்தியானம் மனைவி குழம்பு வைத்தாள். நாயின் பங்கை அவளே கிணற்றடிக்கு எடுத்துப்போய், அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.