தனுஷ்கோடி போட்ட இரண்டாவது திரி

நாட்டுக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்பும் சிவகாசியில் தீப்பெட்டி இல்லாத வீடு ஒன்று இருந்தது. தனுஷ்கோடி வீடு. அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர்கூட அவர் மனைவி சுப்புத்தாயின் பொறுப்பில், அரிசிப் பானைக்குப் பின்னால், கடத்தல் சரக்கு மாதிரி ஒளிந்திருக்கும். சாமிக்கு விளக்கேற்ற வேண்டுமென்றால் "அவுக குளிச்சாச்சா?" என்று விசாரித்த பிறகுதான் அது வெளியே வரும். சாமியும் பொறுத்துக்கொண்டது.

தனுஷ்கோடி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வானத்தில் ஏறி வெடித்துப் பூவாக விரியும் பேன்சி ரகங்கள் அவர் இலாகா. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அலுமினியப் பொடி அப்பி, வெள்ளிக் கவசம் சாத்திய மூலவர் போல் வருவார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக்கூட ஒரு பேச்சு உண்டு. கொல்லையில் குளித்து, வேட்டி மாற்றி, பின்வாசல் சுவரில் அவரே அடித்து வைத்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். வெடிமருந்து அறைக்குள் போகுமுன் உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் பூமிக்குள் இறங்கட்டும் என்று கம்பெனியில் எல்லோரும் தொடும் தகடு அது. வீட்டில் எதற்கு என்று கேட்டால், "பழக்கம்" என்பார். நாம் வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுவதற்கும் அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுமில்லை என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அவருக்கு வலது காது கேட்காது. வாலிபத்தில் ஒரு நாள் சோதனைக்கு விட்ட வாணம் மேலே போனது. உச்சியில் திரி அணைந்துவிட்டது. அப்படியே திரும்பி வந்தது. தரையில் விழுந்த பிறகுதான், தான் யாரென்று அதற்கு ஞாபகம் வந்து வெடித்தது. பக்கத்தில் நின்றவர் தனுஷ்கோடி. அன்றிலிருந்து அவர் கைப்பட்ட ஒவ்வொரு பெரிய வாணத்துக்கும் இரட்டைத் திரி. "ஒண்ணு மறந்தாலும் இன்னொண்ணு ஞாபகப்படுத்தும்லே" என்பது அவர் வேதம்.

வேதம் என்றால் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுமா? வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. வெயில் காலத்திலும் கையில் ஒரு குடை, பையில் ஒரு குடை. மகள் பொன்னுத்தங்கம் கல்யாணத்துக்கு இரண்டு மேளக் கோஷ்டி பேசியிருந்தார். இரண்டாவது கோஷ்டி முதல் கோஷ்டியை முறைத்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அந்த ஒற்றை மாப்பிள்ளை மணிகண்டராஜ் சிங்கப்பூரில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். 2009 ஆவணியில் பொன்னுத்தங்கத்துக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் மாடி அறையில் வைத்தார்கள். தன் மேல்பட்ட பொடி கீழ்வீட்டில் எங்கே ஒட்டியிருக்குமோ என்று தனுஷ்கோடிக்கு பயம். தையல் ஆறும்வரை பொன்னுத்தங்கம் படி இறங்கக் கூடாது. பேர் வைக்கும்வரை பிள்ளை அறையைத் தாண்டக் கூடாது. முதலாவது டாக்டர் சொன்னது, இரண்டாவது வீட்டுப் பெண்கள் சொன்னது. இரண்டில் எது கடுமையான உத்தரவு என்று சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்வது தானாகத்தான் இருக்க வேண்டும் என்றான். போனில் அல்ல, முகம் பார்த்து, கம்ப்யூட்டர் வழியாக. பேரும் தேர்ந்தெடுத்துவிட்டான்: ஹர்ஷினி.

அவன் தாயார் மாடத்தி சூலக்கரையிலிருந்து வந்து இறங்கி, காபி குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"அவன் பேரு வைக்கட்டும், நான் வேண்டாங்கல. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பிறக்கதுக்குள்ள அவன் குரல் பிள்ளை காதுல விழணும். விழலையா, தகப்பன் இடத்துல நான் நிக்கேன். எங்க மாமியா பேரும் மாடத்தி, எம்பேரும் மாடத்தி. பிள்ளைக்கும் அதே பேருதான். அம்புட்டுத்தான்."

மாடியில் பொன்னுத்தங்கம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தனுஷ்கோடி சம்பந்தியின் பேரைக் குறை சொல்ல முடியாமலும் மகள் முகத்தைப் பார்க்க முடியாமலும் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

சிக்கல் எங்கே என்றால், வீட்டில் இன்டர்நெட் இருந்தது; மாடியில் இல்லை. இணைப்புக் கொடுத்தவர்கள் கொண்டுவந்து வைத்த பெட்டி, மோடமும் ரவுட்டரும் ஒட்டிப் பிறந்த ரகம். கீழே டெலிபோன் பக்கத்தில் குந்தியிருந்தது. அதன் சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்ட வலுவில்லாமல் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது.

கம்ப்யூட்டர் கடை முகம்மது ரியாஸ் வந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒரு நீள வயரை மேல கொண்டுபோயி லேப்டாப்புல சொருகிட்டாச் சோலி முடிஞ்சது."

"தொட்டில் இருக்க ரூமுக்குள்ள வயரா?" தனுஷ்கோடியின் குரல் மாறிவிட்டது. "மருந்து ரூமுக்குள்ளயே நாங்க வயர் விட மாட்டோம் தம்பி. இது அதைவிடப் பெரிய ரூமு."

லேப்டாப்பைக்கூடக் கீழே சார்ஜ் ஏற்றி, வயரைப் பிடுங்கி, செம்புத் தகட்டில் ஒரு தொடு தொட்டு, அதன் பிறகுதான் மேலே அனுப்புவது என்று அவர் முடிவு செய்திருந்தார். ரியாஸ் சிரிக்காமல் தலையாட்டினான். இந்த ஊரில் வியாபாரம் பண்ணுகிறவனுக்கு எதற்குச் சிரிக்கலாம், எதற்குச் சிரிக்கக் கூடாது என்று தெரியும்.

"சரி, அப்ப இன்னொரு ரவுட்டர் போட்டுருவோம். கீழ உள்ள பெட்டியில இருந்து ஒரு வயர். அது மாடி வராண்டாவுல இருக்க ரெண்டாவது பெட்டிக்குப் போவும். அங்கன இருந்து ரூமுக்குள்ள காத்துலதான் போவும், வயர் கிடையாது."

வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியோடு வந்தான். கடையிலேயே அதைத் திறந்து வேண்டியதைச் செய்திருந்தான். "ரெண்டு பெட்டியும் ஒரே நம்பரைச் சொல்லிக்கிட்டுப் பிறந்ததுக, அண்ணாச்சி. அப்படியே விட்டா அடிச்சுக்கிடும். இதுக்கு வேற நம்பர் மாத்திட்டேன். வாரவுகளுக்கு அட்ரஸ் குடுக்க வேலையும் இதுக்குக் கிடையாது, நிறுத்திட்டேன். அது கீழ உள்ளதுக்குத்தான்."

"ஒரு ஷெட்டுக்கு ஒரு போர்மேன்" என்றார் தனுஷ்கோடி.

"அதேதான்! நீங்க கடைக்கு வந்துருங்க அண்ணாச்சி, எனக்கு ஆள் வேணும்."

தனியாக நின்ற நீலத் துளையைத் தொடாமல், மஞ்சள் துளைகளில் ஒன்றில் வயரைச் சொருகினான். கீழ்ப்பெட்டியிலும் அப்படியே. லேப்டாப்பில் சிங்கப்பூர் வந்தது. மணிகண்டராஜ் கட்டம் கட்டமாகச் சிரித்தான். தனுஷ்கோடி வராண்டாவில் பெட்டிக்கும் அறைக்கதவுக்கும் நடுவே கையை நீட்டி, விரலை அகட்டி, மெதுவாக வீசிப் பார்த்தார். சூடில்லை, வாசனையில்லை, ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் கைக்குள்ளே புகுந்து மருமகன் சிரிப்பு உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் கண்ணுக்குத் தெரியும் திரியில் நெருப்பை நடத்திக் கூட்டிப்போன மனிதர், திரியே இல்லாமல் ஒன்று போவதைப் பார்த்துக் கையை இறக்க மறந்து நின்றார்.

புறப்படும்போது ரியாஸ் இன்னொரு வயரைக் கொடுத்தான். "நீளம் தெரியாம ரெண்டு எடுத்தாந்தேன். வச்சுக்கிடுங்க. ஒண்ணு பழுதானா உதவும்."

யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அவன் யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை. மாவிலை கட்டியாகிவிட்டது. சர்க்கரைப் பொங்கல் இறங்கிவிட்டது. மாடத்தி தொட்டிலுக்குப் பக்கத்திலேயே, தேர்தலில் வாக்கு எண்ணும் இடத்து ஏஜெண்டு மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பைத் திறந்தார்கள். சிங்கப்பூர் இல்லை. பக்கத்துத் தெருகூட இல்லை. ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தனுஷ்கோடி செல்போனை இடது காதில் வைத்தார்.

"தம்பி, வரலியே!"

"நேத்து நல்லா ஓடுச்சே அண்ணாச்சி? விளக்கெல்லாம் எரியுதா?"

"எரியுதாவா? ரெண்டு பெட்டியிலயும் பதினாயிரம்வாலா கொளுத்திப் போட்ட மாதிரில்ல ஓடுது! நேத்து அங்கொண்ணு இங்கொண்ணு மினுக்குச்சு. இன்னைக்கு நிக்கவே மாட்டேங்கு. பாக்கவே அம்சமா இருக்கு." குரலில் கவலையையும் மீறிய பெருமை.

"ரெண்டையும் ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணினார். ஒரு கணம் அடங்கிய விளக்குகள் மறுபடி மூர்க்கமாக ஆடின. சுப்புத்தாய் பொங்கல் கரண்டியோடு வந்து நின்றாள்.

"பெட்டிக்குக் கீழ மண்வாளி எதுக்குங்க?"

"இருக்கட்டும்."

"இன்டர்நெட்டு தீப்பிடிக்குமா?"

"பிடிச்ச பிறகு வாளி தேடவா?"

"மாடத்தின்னே கூப்பிட்டுப் பழகிக்கிடுதேன், போங்க." சொல்லிவிட்டு அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறைக்குள்ளிருந்து சம்பந்தியின் குரல் வந்தது: "பத்தரைக்கு ராகுகாலம். ஞாபகம் இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல."

ரியாஸ் விருதுநகரில் ஓர் ஆபீஸில் வேலையாக இருந்தான். அங்கிருந்தே ஒவ்வொன்றாகக் கேட்டான். டெலிபோன் வயர்? இருக்கிறது. நீலத் துளை? காலிதான். யாரும் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பட்டனைக் குத்தினார்களா? இல்லவே இல்லை. அவனுக்குப் புரியவில்லை. மூச்சை இழுத்து விட்டுச் சொன்னான்:

"அண்ணாச்சி, மேல உள்ள பெட்டியில எது எது சொருகியிருக்குன்னு ஒண்ணொண்ணாத் தொட்டுச் சொல்லுங்க."

"கரண்டு வயர் ஒண்ணு. கீழ இருந்து வார திரி ரெண்டு."

போனில் சத்தமே இல்லை. தனுஷ்கோடி காது மாறி வைத்துவிட்டோமோ என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

"ரெண்டா? எதுக்கு அண்ணாச்சி ரெண்டு?"

"ஒண்ணு அணைஞ்சா?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். விடிந்ததும் எழுந்து, அந்த உபரி வயரையும் படியோரமாக இழுத்து, பழைய வயரோடு சேர்த்து நூலால் முடிச்சுப் போட்டு, இரண்டு முனைகளையும் காலியாயிருந்த மஞ்சள் துளைகளில் சொருகியிருந்தார். முடிச்சுகள் அத்தனையும் ஒரே இடைவெளியில், கம்பெனி முடிச்சு. காலையிலிருந்து இதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சோறு வடித்தேன் என்கிறவள், தண்ணீர் ஊற்றி வடித்தேன் என்று சொல்கிறாளா?

"அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க" என்றான் ரியாஸ். "உங்க திரியில நெருப்பு ஒரு பக்கம் பிடிச்சு மறுபக்கம் போயி முடிஞ்சிரும். இதுல முடிவு கிடையாது. ஒரு வயர்ல மேல போனது, மேல இன்னொரு வாசல் இருக்குன்னு அடுத்த வயர்ல கீழ வருது. கீழ வந்தது திரும்பவும் மேல போவுது. சுத்திச் சுத்திப் பெருகிக்கிட்டே இருக்கு. நீங்க பாக்க வாணவேடிக்கை அதுதான். உங்க மருமகன் வர அதுல வழியே இல்ல. ஒண்ணைப் பிடுங்குங்க."

தனுஷ்கோடி இரண்டு வயர்களையும் பார்த்தார். கை போனது, நின்றது. தன் வலது காதை, இருக்கிறதா என்று பார்ப்பவர் போல், ஒரு தடவை தொட்டார். அந்தக் காது போன பிறகு ஒற்றைத் திரியை நம்பி அவர் எதையும் மேலே அனுப்பியதில்லை. அதுவும் இந்த நேரத்தில், இந்த அறைக்கு.

"எந்தத் திரியைத் தம்பி?"

"ஏதாவது ஒண்ணு."

"ஏதாவதா?" வாழ்க்கையில் அவர் கேட்ட மிகப் பயங்கரமான தொழில்நுட்ப ஆலோசனை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சுவரைத் தடவினார். மாடியில் செம்புத் தகடு இல்லை. குனிந்து, பெட்டிக்குக் கீழே இருந்த இரும்பு மண்வாளியைத் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவு ஆட்டமும் ஒரே கணத்தில் அடங்கியது. இரண்டு பெட்டிகளும், அடி வாங்கிய பிள்ளைகள் விசும்புவது போல, அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்க ஆரம்பித்தன.

"மாமா! மாமா, கேக்குதா?"

உள்ளேயிருந்து சிங்கப்பூர் கத்தியது. தனுஷ்கோடி ஓடவில்லை. பட்டாசுக் கம்பெனியில் யாரும் ஓட மாட்டார்கள். வேகமாக நடந்தார்.

மாடத்தி பிள்ளையைத் தூக்கி லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். திரையில் மகன் முகம் வாய் பிளந்தபடி உறைந்து நின்றது. குரல் மட்டும் உறையவில்லை. கடல் தாண்டி வந்து, ஒற்றை வயரில் படியேறி, வராண்டாவிலிருந்து வெறும் காற்றில் நடந்து, பிள்ளையின் மிளகாய் அளவுக் காதுக்குள் இறங்கியது.

"ஹர்ஷினி... ஹர்ஷினி... ஹர்ஷினி."

பிள்ளை கொட்டாவி விட்டது. பொன்னுத்தங்கம் அழுதாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் மாடத்தி. தன் பேர் தோற்ற வருத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. மகனின் உறைந்த முகத்தைத் திரையில் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

தனுஷ்கோடி அறைக்கதவோரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து இடது காதைப் பிள்ளையின் காதுக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோனார்.

"மாப்ள, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"மூணு தடவை ஆயிருச்சே மாமா."

"அது பிள்ளைக்கு. இது எனக்கு."

மணிகண்டராஜ் சொன்னான். தனுஷ்கோடி அந்த முனையிலிருந்து வேறெதுவும் வராத பிறகும் சற்று நேரம் அப்படியே இருந்தார். பிடுங்கிய வயரை வராண்டாவிலேயே விட்டிருந்தார்; அதன் முனையின் தடம் மட்டும் அவர் உள்ளங்கையில் இன்னும் பதிந்திருந்தது.